பதினொரு மணித் தலைவலி

வாசகி ஒருவரின் கடிதம், நான்கு பக்கம். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 34. நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலை. 9 வயதில் ஒரு மகள். எடையைக் குறைக்க வேண்டும் என்று நான்கு மாதங்களுக்கு முன் காலைச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார். இரவு எட்டரைக்குச் சாப்பிட்டால் அடுத்த வாய் மறுநாள் பகல் பன்னிரண்டரைக்குத்தான். நடுவில் 16 மணி நேரம் தண்ணீர் மட்டும். முன்பெல்லாம் காலை ஆறரை, பதினொன்று, மாலை நான்கு என மூன்று வேளை காபி. பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் பட்டினி முறிந்துவிடும் என்பதால் இப்போது முதல் காபியே பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டோடுதான். இதுவரை 4 கிலோ குறைந்திருக்கிறது.

வாரத்தில் மூன்று நான்கு நாள், பதினொரு மணி வாக்கில், நெற்றி முழுக்கப் பட்டை கட்டி இறுக்குவது போலத் தலைவலி. சாப்பிட்டுக் காபி குடித்த ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. மாதத்தில் இரண்டு முறை மட்டும் வலி வேறு மாதிரி: இடப்பக்கம் விண் விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சம் ஆகாது. அன்றைக்குச் சாப்பிட்டாலும் போகாது, இருட்டறையில் தூங்கி எழுந்தால்தான் போகும். அவருடைய அம்மாவுக்கும் இப்படி வருமாம், வீட்டில் அதற்குப் பெயர் பித்தத் தலைவலி. ஒரு நாள் தலைவலி நேரத்தில், சர்க்கரை நோயாளியான நாத்தனாரின் குளுக்கோமீட்டரில் பார்த்திருக்கிறார். 82. “எனக்கு 150-க்குக் கீழே இறங்கினதே இல்லை, உனக்கு ஏன் இவ்வளவு கம்மி?” என்று நாத்தனார் பதற, அன்று முதல் மேசை இழுப்பறையில் சாக்லேட். தலை வலிக்க ஆரம்பித்தால் இரண்டு துண்டு வாயில் போடுவார், கூடவே மருந்துக் கடையில் வாங்கிய, பாராசிட்டமாலும் கஃபீனும் கலந்த ஒரு மாத்திரை.

எனக்குச் சர்க்கரை இறங்குகிறதா, பசியோடு இருந்தால் மூளைக்குக் கெடுதியா, ஸ்கேன் எடுக்க வேண்டுமா, எடை குறைப்பதையே விட்டுவிட வேண்டுமா, காலையில் சாப்பிடாமல் போனால் மகளும் தலை வலிக்கிறது என்கிறாளே, அது என்னிடமிருந்து போனதா? இவைதான் அவர் கேள்விகள்.

சகோதரி, முதலில் அந்த 82-ஐப் பார்த்துவிடுவோம். நான்கு பக்கத்தில் அந்த எண் ஐந்து இடத்தில் வருகிறது. அவ்வளவு பயந்திருக்கிறீர்கள்.

82 என்பது நல்ல எண். சர்க்கரை நோய் இல்லாத ஒருவருக்கு வெறும் வயிற்றில் 70 முதல் 99 வரை இருப்பதுதான் இயல்பு. 14 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் 82 இருந்தது என்றால் உங்கள் கல்லீரல் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். உங்கள் நாத்தனாரின் மீட்டர் சரியாகத்தான் காட்டியது. அவர் தன் அளவோடு உங்கள் அளவை ஒப்பிட்டதுதான் தவறு. 150-க்குக் கீழே இறங்கியதே இல்லை என்றால் அவருடைய மருந்து அளவைத்தான் அவருடைய மருத்துவர் பார்க்க வேண்டும். இதைப் பக்குவமாக அவரிடம் சொல்லுங்கள்.

தாழ்சர்க்கரை என்று நாங்கள் கவலைப்படத் தொடங்குவது 70-க்குக் கீழே. 54-க்குக் கீழே போனால் அது அவசரம். அப்போது தலைவலியைவிட வேறு அறிகுறிகள்தான் முன்னால் நிற்கும்: கை நடுக்கம், குபீரென்ற வியர்வை, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் இது நிஜமான ஆபத்து. அவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை இறங்கிவிட்டால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். நீங்கள் அந்த மருந்து எதுவும் எடுக்கவில்லை. அதனால் அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

“அப்படியானால் சாக்லேட் தின்றதும் குறைகிறதே” என்பீர்கள். கூடவே மாத்திரையும் போடுகிறீர்கள், இல்லையா? அந்த மாத்திரையில் என்ன இருக்கிறது என்பதுதான் இந்தக் கடிதத்தின் சுவாரசியமான பகுதி. அதற்கு வருகிறேன்.

பசித் தலைவலி என்று ஒன்று உண்டா?

உண்டு. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018-ல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு வகைப்பாட்டில் பட்டினித் தலைவலிக்குத் தனி இடமே இருக்கிறது. குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும்போது வரும். நெற்றியிலோ தலை முழுவதிலுமோ பரவியிருக்கும். தெறிக்காது, அழுத்தும். லேசாகவோ நடுத்தரமாகவோ இருக்கும். சாப்பிட்டதும் குறையும். உங்கள் பதினொரு மணி வலி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பட்டினி நீள நீள இது வரும் வாய்ப்பும் கூடும். ஏற்கெனவே வேறு தலைவலி உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம் வரும்.

சர்க்கரை குறைவதால்தான் இது வருகிறது என்றே வெகுகாலம் நினைத்தார்கள். ஆனால் பட்டினித் தலைவலி வந்தவர்களின் ரத்தச் சர்க்கரை இயல்பாகவே இருப்பது உண்டு. இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை வேண்டுமென்றே இறக்கியபோதும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அதனால் வலி கிளம்பவில்லை. ஆக, பசித் தலைவலி வேறு, தாழ்சர்க்கரை வேறு. வேளை தவறும்போது உடம்பில் சர்க்கரை மட்டும் மாறுவதில்லை. கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ஏறும், தண்ணீர் குடிப்பது குறையும், கழுத்தும் தோளும் இறுகும், வழக்கமான காபி தவறும். எல்லாம் சேர்ந்து ஒரே தலையில் விழுகிறது.

மூளைச் செல்கள் பட்டினியில் சாகுமோ என்று பயப்படுகிறீர்கள். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பின் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்னும். இப்படிப்பட்ட சாப்பாட்டு ராமனை உடம்பு பட்டினி போடாது. கல்லீரல் தன் இருப்பில் உள்ள சுமார் 100 கிராம் கிளைக்கோஜனைச் சர்க்கரையாக்கிக் கொடுக்கும். அது தீரத் தீரப் புதிதாகச் சர்க்கரையைத் தயாரிக்கும், கொழுப்பைக் கரைத்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளையும் அனுப்பும். 16 மணி நேரப் பட்டினியில் ஆரோக்கியமான மூளைக்கு எந்தச் சேதமும் இல்லை. வலியும் மூளைத் திசுவில் எழுவதில்லை, அதற்கு வலி உணரும் நரம்பு நுனிகளே கிடையாது. மூளையைச் சுற்றியுள்ள உறையிலும் ரத்தக் குழாய்களிலும் தசைகளிலும்தான் எழுகிறது.

காபியைக் கவனித்தீர்களா?

நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம் இது. எனக்கு அதுதான் முதல் சாட்சி.

முன்பு உங்கள் கடைசிக் காபி மாலை நான்குக்கு, முதல் காபி காலை ஆறரைக்கு. இடைவெளி பதினாலரை மணி நேரம். இப்போது நான்கிலிருந்து மறுநாள் பன்னிரண்டரை. இருபதரை மணி நேரம். கஃபீனுக்குப் பழகிய உடம்பில் அது நின்றால், கடைசிக் கோப்பையிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரும். உங்களுக்கு வலி வருகிற பதினொரு மணி, கடைசிக் காபிக்குப் பின் 19-வது மணி நேரம்.

காரணம் எளிது. மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் உண்டு, தூக்கத்தை வரவழைப்பது, ரத்தக் குழாய்களை விரிப்பது. அது போய் உட்கார வேண்டிய நாற்காலியில் கஃபீன் உட்கார்ந்துகொள்கிறது. தினமும் இதே நடந்தால் மூளை கூடுதல் நாற்காலிகளைப் போட்டுவைக்கும். ஒரு நாள் கஃபீன் வரவில்லை என்றால் அத்தனை நாற்காலியிலும் அடினோசின் வந்து உட்காரும், குழாய்கள் விரியும், தலை வலிக்கும். சோர்வு, எரிச்சல், வேலையில் கவனம் நிற்காமல் போவது எல்லாம் கூடவே வரும். “பதினொரு மணிக்கு யாராவது பேசினாலே எரிந்து விழுகிறேன்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தினமும் 200 மி.கி.-க்கு மேல், இரண்டு வாரத்துக்கு மேல் குடித்துவந்தவர்களுக்கு இது வரும் என்பது கணக்கு. ஒரு கோப்பைக் காபியில் தயாரிப்பைப் பொறுத்து 60 முதல் 100 மி.கி. இருக்கும். உங்கள் மூன்று கோப்பை அந்த எல்லையைத் தொடுகிறது. 100 மி.கி. உள்ளே போனால் ஒரு மணி நேரத்தில் இந்த வலி அடங்கும். பன்னிரண்டரைக்கு நீங்கள் சாப்பாட்டையும் காபியையும் ஒன்றாகச் சாப்பிடுகிறீர்கள். ஒரு மணி நேரத்தில் வலி போகிறது. பாராட்டு முழுவதையும் சாப்பாடு வாங்கிக்கொண்டு போய்விடுகிறது!

இப்போது சாக்லேட்டுக்கும் மாத்திரைக்கும் வருவோம். உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பாராசிட்டமால் 500 மி.கி., அதன் கீழே பொடி எழுத்தில் கஃபீன் என்று இருக்கும். சாக்லேட்டிலும் கொஞ்சம் கஃபீன் உண்டு. சர்க்கரைக்கென்று நினைத்து நீங்கள் செய்த முதலுதவியில் வேலை செய்ததில் ஒரு பங்கு கஃபீன்தான் என்று நினைக்கிறேன்.

பசிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் எது எவ்வளவு என்று இப்போதைக்குப் பிரிக்க முடியாது. பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மாதத்தில் இரண்டு முறை வருவது

அது ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன். ஒரு பக்கம், தெறிப்பு, குமட்டல், வெளிச்சம் ஆகாமை, தூங்கினால் தெளிவது, அம்மாவுக்கு இருந்தது. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்யக் கூடாதுதான், ஆனாலும் பாடப்புத்தகத்தில் இதைவிடத் தெளிவாக எழுதிவிட முடியாது. அம்மாவின் பித்தத் தலைவலியும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்திருக்கும். வாந்தி எடுத்ததும் தலை தெளிகிறதே, அதனால் பித்தம் தலைக்கு ஏறியதாக அந்தக் காலத்தில் நினைத்தது நியாயம்தான். நடப்பது தலைகீழ். தலைவலிதான் வயிற்றைக் கலக்குகிறது. மைக்ரேன் வரும்போது இரைப்பை மந்தமாகி, உள்ளே இருப்பது கீழே இறங்காமல் நிற்கும். வலி முற்றிய பிறகு போடும் மாத்திரை வேலை செய்யாமல் போவதற்கும் இது ஒரு காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைக்ரேன் வலியோடு ஆரம்பிப்பதில்லை. அதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே, சிலருக்கு இரண்டு நாள் முன்பிருந்தே, கொட்டாவி, கழுத்து இறுக்கம், காரணமில்லாத எரிச்சல், அடங்காத பசி, குறிப்பாக இனிப்பின் மேல் ஆசை எல்லாம் வரும். மூளையில் பசியையும் தூக்கத்தையும் நிர்வகிக்கும் ஹைப்போதாலமஸ் பகுதி அப்போதே விழித்துக்கொள்கிறது. அதனால் ‘பசித்தது, அதனால் வலித்தது’ என்று நாம் எண்ணும் சில நாட்களில், வலி ஏற்கெனவே கிளம்பி, அது அனுப்பிய தூதாகப் பசி வந்திருக்கும். “வயிறு நிறையச் சாப்பிட்டும் போகவில்லை, உள்ளே ஏதோ பெரிதாக இருக்கிறது” என்று பயந்திருக்கிறீர்களே, அந்த நாட்கள் இவைதான். கிளம்பிவிட்ட மைக்ரேனைச் சாப்பாடு திருப்பி அனுப்பாது. வேளை தவறாமல் சாப்பிட்டால் அது கிளம்பும் நாட்களைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

மைக்ரேன் உள்ளவரின் மூளைக்கு மாற்றமே பிடிக்காது. தூக்கம் கூடினாலும் வலி, குறைந்தாலும் வலி. நீங்கள் ஒரே மாதத்தில் காலைச் சாப்பாடு, காபி நேரம் இரண்டையும் சேர்த்து மாற்றினீர்கள். அதன் எதிர்ப்பைத்தான் தினமும் பதினொரு மணிக்குக் கேட்கிறீர்கள்.

மாத்திரைக் கணக்கு

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு மூன்று நான்கு நாள் என்றால் மாதத்தில் 13 முதல் 17 நாள் மாத்திரை போடுகிறீர்கள். பாராசிட்டமால் மட்டும் என்றால் மாதம் 15 நாள் எல்லை. கஃபீன் போன்ற வேறு மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாள்தான். மூன்று மாதத்துக்கு மேல் இந்த எல்லையைத் தாண்டினால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். காலையில் வலியோடு எழுந்திருப்பது, முன்பு ஒன்று போட்டால் கேட்டது இப்போது இரண்டு கேட்பது, இவை அதன் அறிகுறிகள். “ஞாயிற்றுக்கிழமைகளில் எழுந்திருக்கும்போதே தலை பாரமாக இருக்கிறது” என்ற உங்கள் வரியை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் அந்த வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே போய்விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்று முதல் கலவை மாத்திரை வேண்டாம். வலி தாங்கவில்லை என்றால் தனிப் பாராசிட்டமால், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போகாமல். வெறும் வயிற்றில் ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகைகளைத் தொடாதீர்கள், இரைப்பையைப் புண்ணாக்கும். பாராசிட்டமால் இரைப்பைக்குச் சாது. ஆனால் நாள்கணக்கில் பட்டினி கிடப்பவர்களுக்குக் கல்லீரலில் அதைச் சமாளிக்கும் பொருள் குறைந்திருக்கும். அதனால் பட்டினியும் மாத்திரையும் ஒன்றாகப் போகும் பழக்கமே நல்லதல்ல. மாத்திரையைக் குறைத்த முதல் ஒன்றிரண்டு வாரம் வலி கொஞ்சம் கூடலாம். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள், பயந்து திரும்பி வந்துவிடாதீர்கள்.

இனி என்ன செய்யலாம்?

எடையைக் குறைக்கும் முயற்சியை விட வேண்டியதில்லை. ஆனால் 16 மணி நேரப் பட்டினியில் தனி மந்திரம் எதுவும் இல்லை. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் உடல் பருமன் உள்ள 139 பேரை 12 மாதம் கவனித்தார்கள். இரு பிரிவினருக்கும் கலோரி அளவு ஒன்றே. ஒரு பிரிவு காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் சாப்பிட்டது, மற்றது நேரக் கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிட்டது. எடை குறைந்ததில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உங்கள் 4 கிலோவைக் குறைத்தது கடிகாரம் அல்ல, குறைவாகச் சாப்பிட்டதுதான். அதைக் காலையில் சாப்பிட்டும் செய்யலாம்.

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பட்டினியை 12 மணி நேரமாகச் சுருக்குவது முதல் வழி: இரவு எட்டுக்கு முடித்து, காலை எட்டுக்குச் சாப்பிடுவது. இரண்டாவது, சாப்பிடும் நேரத்தை முன்னால் நகர்த்துவது: காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. மகளோடு உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுவதுதான் நாளிலேயே நல்ல நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இது உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. மூன்றாவது, 16 மணி நேரத்தை வைத்துக்கொண்டு காலை ஆறரைக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் காபி மட்டும் குடிப்பது. காபிதான் குற்றவாளி என்றால் இதிலேயே பதினொரு மணி வலி நின்றுவிடும். மைக்ரேனுக்கு இது போதாது.

என்னைக் கேட்டால் முதல் வழிதான். ஆனால் காரணம் தெரியாமல் உங்களுக்கு மனம் ஆறாது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. சரி, இப்படிச் செய்யுங்கள். முதல் வாரம் மற்றதெல்லாம் இப்போது போலவே இருக்கட்டும், காலை ஆறரைக்குக் கறுப்புக் காபி மட்டும் சேருங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டையும் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒரு சிறு நோட்டில் தினமும் ஐந்தே விஷயம்: தூங்கி எழுந்த நேரம், சாப்பிட்ட நேரங்கள், காபி நேரங்கள், வலி வந்த நேரமும் பத்துக்கு எத்தனை என்ற மதிப்பெண்ணும், மாத்திரை. மாதவிடாய் நாட்களையும் குறித்து வையுங்கள், அதற்கு ஒட்டிய நாட்களில் மைக்ரேன் வருவது சகஜம். முதல் வாரத்தில் மைக்ரேன் வந்துவிட்டால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள். ஆராய்ச்சிக்காக யாரும் இருட்டறையில் படுக்க வேண்டாம்.

காலைச் சாப்பாடு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வெறும் மாவும் இனிப்புமாக இல்லாமல் இருந்தால் போதும். முட்டை, பருப்பு வகை, தயிர், பால், கொட்டைகள் என்று புரதம் உள்ள ஏதாவது ஒன்று சேர்ந்தால் மெதுவாகச் செரித்துப் பகல் வரை தாங்கும். பகலில் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காலியாக விடாதீர்கள். சாக்லேட் இருந்த இழுப்பறையில் ஒரு டப்பா கடலையோ பாதாமோ இருக்கட்டும். பதினொரு மணிக்குக் கூட்டம், எப்போது முடியும் என்று சொல்ல முடியாது என்றால், பத்தே முக்காலுக்கு ஒரு கைப்பிடி தின்றுவிட்டு உள்ளே போங்கள். வலி கிளம்பிய பின் சாப்பிடுவதற்கும், கிளம்பும் முன் சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டே நாளில் உணர்வீர்கள். சாப்பிடப் பத்து நிமிடம் வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்கக் கூச்சப்படுகிறீர்கள். மைக்ரேன் முறையாக நோய் என்று பட்டியலிடப்பட்டது, மருத்துவச் சான்றோடு கேட்கலாம். பத்து நிமிடம் கொடுப்பதா, மாதம் இரண்டு நாள் விடுப்பு கொடுப்பதா என்றால் அவருக்கும் பத்து நிமிடம்தான் லாபம்.

தண்ணீரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்குக் குடியுங்கள். காபியை ஒரேயடியாக விட்டுவிட நினைத்தால் மட்டும் அவசரப்படாதீர்கள், சில நாளுக்கு ஒரு முறை அரைக் கோப்பையாகக் குறைத்து வாருங்கள். ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் போகும் நாளில் காலையிலேயே முதல் ஆளாக நேரம் வாங்குங்கள், தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போய் ரத்தம் கொடுத்ததும் சாப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு மைக்ரேன் மாதம் இரண்டு முறை தொடர்ந்தால், அதற்கென்றே டிரிப்டான் வகை மருந்துகள் உண்டு. வலி ஆரம்பித்த உடனே போட வேண்டும், இதய நோய் இருப்பவர்களுக்கு ஆகாது. மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். மாதம் நான்கு நாளுக்கு மேல் போனால் தினசரித் தடுப்பு மருந்தைப் பற்றிப் பேசலாம். அப்போது எடைக்கு முயல்வதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் அமிட்ரிப்டிலின் பசியைக் கூட்டும், டோபிரமேட் குறைக்கும். டோபிரமேட் கருவுக்கு ஆகாது, ஆகவே இன்னொரு குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். வலிக்கு முன் கண்ணில் வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தெரிந்தால், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி இல்லை, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

ஸ்கேன்

இப்போது தேவையில்லை. ஒரு மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்து, கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, நரம்புப் பரிசோதனை செய்து எல்லாம் சரி என்றால், இந்த மாதிரித் தலைவலிக்கு எம்.ஆர்.ஐ. புதிதாக எதையும் சொல்லாது. சில சமயம் தேவையில்லாத சிறு புள்ளி ஒன்றைக் காட்டித் தூக்கத்தைக் கெடுப்பதுதான் மிச்சம்.

தலைவலியின் குணம் மாறினால் மட்டும் கதை வேறு. இடி விழுந்தாற்போல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, பார்வை மறைவது, வலிப்பு, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, இவற்றுக்கு நாள் பார்க்காமல் உடனே மருத்துவமனை. இருமினால், குனிந்தால், படுத்தால் கூடும் வலி, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும் வலி, 50 வயதுக்கு மேல் முதல் முறையாக வரும் வலி, கர்ப்ப காலத்தில் புதிதாக வரும் வலி, இவையும் வீட்டில் வைத்துப் பார்க்கிற வலிகள் அல்ல.

மகள்

அவளுடையதும் உங்களிடமிருந்து வந்ததாக இருக்கலாம். மைக்ரேன் குடும்பத்தில் ஓடும். குழந்தைகளுக்கு அது சுருக்கமாக, இரண்டு பக்கமும் சேர்ந்து வரும், ஒரு குட்டித் தூக்கம் போட்டால் போய்விடும். சிலருக்குத் தலைக்குப் பதில் வயிறுதான் வலிக்கும். அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம், உங்கள் அம்மாவை நீங்கள் குறை சொல்லவில்லையே. ஆனால் 9 வயதில் அவள் காலையில் சாப்பிடாமல் போவது ஏன் என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். நான்கு மாதமாகக் காலையில் அம்மா சாப்பிடுவதை அவள் பார்க்கவில்லை. வளரும் குழந்தைக்குப் பட்டினி முறை எதுவும் கிடையாது. எட்டு மணிக்கு நீங்கள் ஒரு தட்டை எடுத்து உட்காருங்கள், பக்கத்தில் அவளுக்கும் ஒன்று வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் அவளுக்கும் வலி குறையவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், பள்ளியில் கரும்பலகை தெரிகிறதா என்று கண்ணையும் பார்த்துவிடுங்கள்.

நான்கு வாரம் கழித்து எனக்கு எழுதும்போது அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். மாத்திரை போட்ட நாட்களை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டுவிடுங்கள், முதலில் அதைத்தான் எண்ணுவேன்.